மைமூனாவின் ஐந்தாவது பிள்ளை

ரத்தம் கொடுக்க வருகிறவரிடம் பஸ்மினா முதலில் கேட்பது பெயரை அல்ல, ஊரை. ஊரைச் சொன்னால் எந்தப் பள்ளிவாசல் என்பாள். அதையும் சொன்னால் எந்தக் குடி என்பாள். அதற்கும் பதில் வந்துவிட்டதோ, போச்சு. "அப்ப நீங்க எங்கட பெரியம்மாட மருமகனுக்கு மச்சான் முறையெல்லுவா!" என்று, கையில் ஊசி ஏறுவதற்கு முன்பே ஆளை உறவுக்காரனாக்கி விடுவாள். பயந்து வந்தவன் சிரித்துக்கொண்டு கையை நீட்டுவான்.

குடி என்பது இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் தாய்வழியாக வருகிற ஒன்று. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. வாப்பாவின் குடி வாப்பாவோடு சரி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை, அதனால் கல்யாணப் பேச்சில் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். பஸ்மினா கேட்பது அதற்காக இல்லை. அவளுக்கு அது ஒரு பழக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி.

அவள் சாய்ந்தமருதுக்காரி, வயது நாற்பத்து நாலு. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் பத்தொன்பது வருடமாகச் சிற்றூழியர். இந்தப் பதவிக்கு இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் பஸ்மினாவைப் பார்த்திருக்க மாட்டார். ரத்தம் சோதிக்கிற வெள்ளை ஓடுகளைக் கழுவுவது, குளிர்ப்பெட்டியைத் துடைப்பது, ரத்தப் பையை வார்டுக்குக் கொண்டுபோவது என்று கடதாசியில் இருக்கிற வேலைகள் ஒரு பக்கம். கடதாசியில் இல்லாத வேலைகள் இன்னொரு பக்கம், அதுதான் கூட.

கடதாசியில் இல்லாத அந்த வேலைகளில் பெரியது பத்து வருடத்துக்கு முன் அவள் தலையில் விழுந்தது. அதை இழுத்து வந்தவர் டொக்டர் உசாந்தினி.

உசாந்தினி காரைதீவுக்காரி, ரத்தத்தைப் படித்தவர், பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கிறவர். வந்த புதிதில் யாரோடும் கதைக்க மாட்டார். "இந்த டொக்டர் ஊசி போடுற மாதிரித்தான் கதைக்கிறா, சுறுக்கெண்டு ஒண்டு, அவ்வளவுதான்" என்று பஸ்மினா முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்படி இருந்தவர் ஒருநாள் முகமெல்லாம் வெளிச்சமாக ஓடி வந்து பஸ்மினாவின் கையைப் பிடித்து இழுத்தார். பாலமுனையிலிருந்து சுல்பிகா என்று இருபது வயதுப் பெண், வயிற்றில் கட்டியோடு வந்திருந்தாள். ரத்தம் O என்று காட்டியது. ஆனால் பொருந்துகிறதா என்று பார்க்க எடுத்த பதினான்கு O பைகளோடும் அவளுடைய ரத்தம் கட்டிபட்டது. பதினான்கும்! டொக்டர் அந்தச் சோதனை ஓட்டை வெளிச்சத்தில் பிடித்து, வாழ்நாளில் பார்க்கக் கிடைக்குமோ என்று இருந்ததைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

பஸ்மினாவுக்கு அவர் விளங்கப்படுத்திய விதம் இது. A, B என்பவை வீட்டுச் சுவர் என்றால், O என்பது சுவர் எழும்பாத வெறும் அத்திவாரம். அந்த அத்திவாரமாவது எல்லோருக்கும் உண்டு. சுல்பிகா மாதிரி ஆட்களுக்கு அதுவும் இல்லை. சாதாரணச் சோதனையில் O என்றே காட்டும், ஆனால் O ரத்தத்தை ஏற்றினாலும் அவர்களுடைய உடம்பு அதை அந்நியம் என்று கண்டு அடித்து நொறுக்கும். ஆளே போய்விடலாம். முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததால் பம்பாய் வகை என்று பெயர். அவர்களுக்கு அதே வகைக்காரர்தான் ரத்தம் கொடுக்கலாம், வேறு வழி இல்லை. சுல்பிகாவின் உம்மா மைமூனா இதைக் கேட்டுவிட்டு, "எங்கட ஆக்கள் கொழும்புக்கே ரெண்டு தரம்தான் போயிரிக்காங்க, பம்பாய் எங்கால வந்த?" என்று கேட்டாள். நல்லகாலம், அந்தக் கட்டி மருந்திலேயே கரைந்தது.

அதன் பிறகுதான் ஆய்வு. இரண்டு வருடம், ஏழு ஊர், ஆயிரத்து நூற்று நாற்பது பேர். டொக்டர் தனியாகப் போன முதல் நாள் ஒன்பது வீட்டில் கதவு திறக்கவில்லை. அடுத்த நாள் பஸ்மினாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது வீட்டிலும் தேத்தண்ணீர் கிடைத்தது. படிவத்தில் பெயர், வயது, தாய், தகப்பன், சகோதரங்கள் என்று இடம் இருந்தது. குடிக்கு இடம் இல்லை. பஸ்மினாவுக்கு அது பொறுக்கவில்லை. குடி தெரியாமல் ஓர் ஆளை எப்படி ஆள் என்று சொல்வது? ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் பென்சிலால் குடியை எழுதி வைத்தாள். டொக்டர் கண்டும் காணாதமாதிரி விட்டுவிட்டார்.

பாலமுனையில் மைமூனா வீட்டுக்கும் போனார்கள். "எத்தின பிள்ளைகள் ராத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் பஸ்மினா. "அல்லாஹ் தந்தது அஞ்சு" என்றாள் மைமூனா. நாலு பேர் வீட்டில் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் ஹிதாயத், வள்ள எஞ்சின் திருத்துகிறவன், கறுப்பு எண்ணெய்க் கையோடு பிறகு வந்தான். அவன் உள்ளே வந்தபோது சுல்பிகா தலையில் துணி இல்லாமல் ஈரமுடியை உதறிக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டு துணியைத் தேடவில்லை. "நானா, தேத்தண்ணி குடிக்கிறயா?" என்று கேட்டபடி அப்படியே அடுப்படிக்குப் போனாள். பஸ்மினா பழக்கத்தில் பேச்சோடு பேச்சாக அவனிடமும் குடியைக் கேட்டு ஓரத்தில் எழுதினாள், வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு பெண் ஓர் ஆணுக்கு முன்னால் தலை மூடாமல் நிற்கிறாள், நானா என்று அண்ணன் முறை வைத்து அழைக்கிறாள் என்றால் அவன் கூடப்பிறந்தவன். இதைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? எழுதினாள்: ஹிதாயத்துல்லா, தாய் மைமூனா.

ஐந்து பேரில் மூன்று பேருக்கு அந்த ரத்தம் இருந்தது. சுல்பிகா, மூத்தவன், ஹிதாயத். டொக்டர் கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகையில் போட்டார். இந்த வகை பாலமுனையில் ஒரே ஒரு குடும்பத்துக்குள் அடங்கியது, அதற்கு வெளியே தேடத் தேவையில்லை என்பது அதன் முடிவு. அதோடு அலைச்சலும் நின்றது. படிவங்கள் இரும்பு அலுமாரிக்குள் போயின. பஸ்மினா பழையபடி ஓடு கழுவினாள்.

இந்த வருடம் மாசி மாதம் சுல்பிகா மூன்றாவது பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். நச்சுக்கொடி கீழே இறங்கிப் பிள்ளைக்கு வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், வெட்டினால் ரத்தம் வெள்ளமாகப் போகும். அவளுடைய சொந்த ரத்தத்தை முன்கூட்டி எடுத்து வைக்கலாம் என்றால் உடம்பில் அதற்கு ரத்தம் போதாது. ஒன்பது நாள்தான் இருந்தது.

மூத்தவன் கட்டாரில். கம்பனி லீவு கொடுக்க இருபது நாள் ஆகும் என்று போனில் அழுதான். ஹிதாயத் ஐந்து கிழமைக்கு முன்தான் கண்டியில் யாரோ ஒரு நோயாளிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். நாலு மாதம் போகாமல் அவனிடம் திரும்ப எடுக்க முடியாது. கொழும்பில் உறைய வைத்திருந்த ஒரு பை வரும். இன்னும் ஒன்றாவது கையில் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று பிரசவ டொக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதே கிழமையில் பல்கலைக்கழகத்திலிருந்து உசாந்தினிக்கு ஒரு படிவம் வந்தது. 'உங்கள் ஆய்வின் தாக்கம் என்ன?' என்று அதில் ஒரு பெட்டி.

"என்ன டொக்டர் கேக்காங்க?" என்றாள் பஸ்மினா.

"என்ட ஆராய்ச்சியால ஆருக்கு என்ன பிரயோசனம் எண்டு கேக்கிறாங்க. இதுவரைக்கும் பதினொரு கட்டுரையில என்ட கட்டுரையச் சொல்லியிருக்காங்க பஸ்மினா. அதில ரெண்டு நானே எழுதினது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மேல வார்டில அந்தப் பிள்ளை படுத்திருக்குது. நான் அதுட ரத்தத்தை வச்சுக் கட்டுரை எழுதினன். அதுக்கு ஒரு பை ரத்தம் தேடிக் குடுக்க ஏலாம இருக்கிறன்."

பெட்டியை வெறுமையாகவே விட்டு எழுந்து போனார்.

பஸ்மினாவுக்கு மனம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்தாள். யாராவது ஒருவர் விடுபட்டிருக்க மாட்டாரா, ஒரு சின்னம்மா மகன், ஒரு மாமி மகள்? பாலமுனைக் கட்டை அவிழ்த்து, மைமூனா பிள்ளைகளின் ஐந்து படிவத்தையும் மேசையில் வரிசையாகப் போட்டாள். பத்து வருடத்துக்கு முந்திய தன் கையெழுத்து. ஓரத்தில் பென்சில் மங்கிப்போய் இருந்தது. மூத்தநாச்சி குடி. மூத்தநாச்சி குடி. மூத்தநாச்சி குடி. மூத்தநாச்சி குடி. ஐந்தாவதில், சின்னலெவ்வை குடி.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு விரலை வைத்துத் திரும்ப வாசித்தாள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு எப்படி இரண்டு குடி?

"யா அல்லாஹ், நான் என்னத்தச் செஞ்சு வச்சிரிக்கன்" என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்று மத்தியானம் பாலமுனைக்குப் போனாள். ஹிதாயத் வள்ளத்துக்குள் குனிந்து நின்றான்.

"தம்பி, ஒண்டு கேக்கன், ஒளிக்காமச் சொல்லணும். மைமூனா ராத்தா உங்களப் பெத்த உம்மாவா?"

அவன் ஒளிக்கவே இல்லை. ஒளிக்க என்ன இருந்தது? ஊருக்கே தெரிந்த விஷயம். "இல்ல ராத்தா. பால் தந்த உம்மா. அவ என்ட வாப்பாட கூடப்பிறந்த தங்கச்சி, எனக்கு மாமி முறை. பெத்த உம்மா இறக்காமத்து ஆள், பாத்தும்மா எண்டு பேர். என்னப் பெத்த அன்னைக்கே மவுத்தாப் போயிட்டா. மாமிட்ட அப்ப கைப்பிள்ள இரிந்த. வாப்பா என்னத் தூக்கி வந்து அவட மடியில போட்டுட்டார்."

பஸ்மினா அங்கே கிடந்த வலைக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். மார்க்கத்தில் ஒரே பால் குடித்த பிள்ளைகள் சகோதரங்கள். பால் குடிக்காவிட்டால் சுல்பிகாவுக்கு அவன் மச்சான், கட்டிக்கொள்கிற முறை. குடித்ததால் நானா. அதனால்தான் அவள் தலை மூடவில்லை. மைமூனா சொன்னதிலும் பொய் இல்லை, அவளுக்கு ஐந்து பிள்ளைதான். ஆனால் பால் உறவாக்கும், ரத்தத்தை மாற்றாது. அவனுடைய ரத்தத்தில் பாதி இன்னொரு வயிற்றிலிருந்து வந்தது. அந்த வயிற்றை யாரும் தேடவே இல்லை.

"உங்களக் கூடப்பிறந்த ஆக்கள் வேற இரிக்காங்களா?"

"ஒரு ராத்தா இரிக்கா. சபூறா. இறக்காமத்தில உம்மாட வீட்டிலதான். பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு, அவ அங்கயே வளந்தா." அவன் கையைத் துணியில் துடைத்தான். "ஒருத்தரும் கேக்கல்லயே ராத்தா. கேட்டிருந்தா அப்பயே சொல்லியிருப்பன்."

பஸ் ஏறித் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்மினா தன்னோடு சண்டை பிடித்தாள். இதைச் சொன்னால் டொக்டருடைய கட்டுரை பொய்யாகும். பெரிய இடத்தில் வெளிவந்த கட்டுரை, அதுவும் படிவம் வந்திருக்கிற நேரத்தில். பிழை யாருடையது? சிற்றூழியருடையது. வேலை போகுமோ தெரியாது. டொக்டர் முகத்தில் எப்படி முழிப்பது? சாய்ந்தமருதில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் வந்தது. அவள் இறங்கவில்லை. மேலே வார்டில் சுல்பிகாவின் வயிறு ஒவ்வொரு நாளும் பெருத்துக்கொண்டிருந்தது.

டொக்டர் முழுவதையும் கேட்டார். ஐந்து படிவத்தையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அஞ்சில மூண்டு," என்றார். "தாயும் தகப்பனும் இத வெளியில தெரியாம உடம்புக்குள்ள வச்சிருந்தா பிள்ளைகள் நாலில ஒண்டுக்குத்தான் வாறது. இது ஏன் இவ்வளவு கூட எண்டு நான் ரெண்டு பக்கம் எழுதி விளக்கினன், பஸ்மினா. ரெண்டு பக்கம்!"

"டொக்டர், என்ட பிழைதான். நான் கேட்டிரிக்கணும்."

"நீங்க எழுதின பென்சிலை நான் பாத்திருக்க வேணும். கம்பியூட்டரில ஏத்தேக்க அந்த ஓரத்தையெல்லாம் விட்டுட்டன். அது என்னத்துக்கு எண்டு நினைச்சன்." குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சட்டென்று எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தார். "இறக்காமத்துக்கு எவ்வளவு நேரம்?"

"இப்பயா டொக்டர்?"

"பின்ன எப்ப?"

இறக்காமத்தில் அறுவடை முடிந்து முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சபூறா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு வயது, இறுகிய உடம்பு, வயலுக்கு வருகிற யானையையும் மனிதரையும் ஒரே குரலில் அதட்டுகிற ஆள் என்று பார்த்தவுடனே விளங்கியது. பஸ்மினா ஸலாம் சொல்லி, குடி சொல்லி, உறவு சொல்லி, வாங்குப் பலகையில் உட்காருகிற அளவுக்கு வந்துவிட்டாள். ரத்தம் என்ற சொல் வந்தவுடன் சபூறாவின் முகம் மாறியது.

"எழும்புங்க," என்றாள். "ரத்தம் எண்ட கதையோட என்ட கடப்படிக்குள்ள வரவேணா."

"ராத்தா, பாலமுனையில உங்கட மாமி மகள்..."

"ஆராவது இரிக்கட்டும். ரத்தம் ஏத்தித்தான் என்ட உம்மாவக் கொன்னாங்க."

டொக்டர் எழும்பவில்லை. "எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். சபூறா நெல்லுக்கு நடுவில் நின்றபடியே சொன்னாள். தம்பியைப் பெற்ற அன்று உம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரி, பேர் இப்போது எதற்கு? சண்டைக் காலம், ஆட்கள் இல்லை. உம்மாவின் ரத்தம் O, அதே O ஒரு போத்தல் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

"ஏத்தி ஒரு கொஞ்சத்தால உம்மாக்கு உடம்பெல்லாம் நடுக்கம். முதுகு வெடிக்குது எண்டா. 'இந்த ரத்தம் எனக்குச் சேருதில்ல, கழட்டுங்க, கழட்டுங்க' எண்டு கத்தினா. பயத்தில கத்துறா எண்டாங்க. அவ மத்தக் கையால ஊசியப் புடுங்கப் பாத்தா. நேர்ஸ் என்னப் பாத்து, 'புள்ள, உம்மாட கைய இறுக்கிப் புடி' எண்டா. எனக்கு ஒம்பது வயசு." சபூறா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "நான் புடிச்சன். இறுக்கித்தான் புடிச்சன். அவ என்னப் பாத்து, 'விடு மகள்' எண்டா. நான் விடல்ல. புடிச்ச கையிலயே போயிட்டா."

பஸ்மினாவுக்குக் கண் முட்டிவிட்டது. பத்தொன்பது வருடம் எத்தனை பையைத் தூக்கி வார்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்!

டொக்டர் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சோதனை ஓட்டையும் சின்னப் போத்தல் ஒன்றையும் எடுத்தார். "நான் உங்களிட்ட ரத்தம் கேக்க வரல்ல," என்றார். இது பாதிப் பொய், பஸ்மினாவுக்குத் தெரியும். "ஒரு துளி தாங்க. உங்கட உம்மா சொன்னது சரியா பிழையா எண்டு பாப்பம்."

நெல்லைக் கிளறிய கால் நின்றது. சபூறா வந்து வாங்கில் உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

பஸ்மினாவின் விரலிலும் ஒரு குத்து. இரண்டு துளி, பக்கத்தில் பக்கத்தில். அந்த அத்திவாரத்தைக் கண்டுபிடிக்கிற மருந்தை டொக்டர் இரண்டிலும் விட்டு, குச்சியால் கலக்கி, ஓட்டை மெல்ல ஆட்டினார். பஸ்மினாவின் ரத்தம் O. அது மண்மணியாகத் திரண்டு கட்டிபட்டது. சபூறாவின் துளி அப்படியே வழுவழுவென்று சிவப்பாகக் கிடந்தது. டொக்டர் திரும்பத் திரும்ப ஆட்டினார். அது திரளவில்லை.

"இது என்ன?" என்றாள் சபூறா.

டொக்டர் சுவரையும் அத்திவாரத்தையும் சொன்னார். அவசரப்படாமல் சொன்னார். பத்து வருடத்தில் அவர் மனிதரோடு கதைக்கப் பழகியிருந்தார். "இந்த ரத்தக்காரருக்கு O ஏத்தினா, நீங்க சொன்ன மாதிரித்தான் நடக்கும். நடுக்கம், முதுகு நோ, எல்லாம். உங்கட உம்மாட ரத்தம் இண்டைக்கு எங்கட கையில இல்ல. அதனால நூத்துக்கு நூறு சொல்ல மாட்டன். ஆனா உங்களுக்கும் இருக்கு, தம்பிக்கும் இருக்கு. அவவுக்கும் இருந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்."

"அப்ப உம்மா பயத்தில கத்தல்ல."

"இல்ல. அவட உடம்பு சொன்னதத்தான் அவ சொன்னா. அதை விளங்கிக்கொள்ள அண்டைக்கு அங்க ஆள் இருக்கல்ல. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எப்பிடி விளங்கும்?"

சபூறா அழுதாள். முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு, முப்பத்தேழு வருடத்தையும் சேர்த்து வைத்து அழுதாள். கோழிகள் வந்து நெல்லைக் கொத்தின, யாரும் துரத்தவில்லை. பஸ்மினா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உறவு முறை எதுவும் சொல்லவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்த சபூறா, "அந்தப் புள்ளைக்கு எப்ப வேணும்?" என்றாள். பஸ்மினா நாளைச் சொன்னாள். "தாறன். ஆனா ஏத்தக்குள்ள நான் பக்கத்தில இரிப்பன். என்னை வெளியில போகச் சொல்லப்படாது."

அதற்குள் எடுத்தாக வேண்டிய சோதனைகளெல்லாம் எடுத்து, சபூறாவின் ரத்தம் பையில் இறங்கியது. டொக்டர் சஞ்சிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதினார். புதுப் படிவம் ஒன்றும் அடித்தார். அதில் குடிக்கு ஓர் இடம் இருந்தது. பெற்றது யார், பால் கொடுத்தது யார் என்று இரண்டு கேள்வியும் இருந்தன. தேட வேண்டிய ஊர்களில் இறக்காமமும் சேர்ந்தது. பல்கலைக்கழகப் படிவத்தின் பெட்டியில், 'எனது ஆய்வில் ஒரு பிழை இருந்தது, அதை எமது சிற்றூழியர் ஒருவர் கண்டுபிடித்தார்' என்று தொடங்கினார். பஸ்மினா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சிற்றூழியர் எண்டு போடாதீங்க டொக்டர். பேரப் போடுங்க."

டொக்டர் வெட்டிவிட்டுப் பெயரைப் போட்டார். குடியையும் போடவா என்று கேட்டார். பஸ்மினா வெட்கப்பட்டுச் சிரித்தாள், அதுவும் ஓர் அதிசயம்தான்.

வியாழக்கிழமை காலையில் சுல்பிகாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பயந்தபடியே ரத்தம் போனது. கொழும்புப் பை சத்திரசிகிச்சை அறையிலேயே முடிந்தது. பிற்பகல் வார்டில் இரண்டாவது பையை ஏற்ற வேண்டும் என்றார்கள். பஸ்மினாதான் தூக்கிக்கொண்டு போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சபூறா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நேர்ஸ் அவளை எழும்பச் சொல்ல வாயெடுத்தாள். "அவ இருக்கட்டும்" என்றார் பின்னால் வந்த டொக்டர்.

குழாயில் சிவப்பு இறங்கத் தொடங்கியது. சுல்பிகா வெளிறிய முகத்தோடு சபூறாவைப் பார்த்தாள். பெயர் கேட்டு அறிந்த, இரண்டு கல்யாண வீட்டில் தூரத்தில் கண்ட ராத்தா. சபூறா அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. குழாயில் ரத்தத்தை நிறுத்துகிற சின்ன உருளை எங்கே என்று நேர்ஸிடம் கேட்டு, பெருவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"இஞ்ச பாரு மகள்," என்றாள். "நடுங்கினாலோ, முதுகு நொந்தாலோ, என்ன செஞ்சாலும் ஒரு சொல்லுச் சொல்லு. நான் உடனே நிப்பாட்டுறன். ஆர் என்ன சொன்னாலும் நிப்பாட்டுவன்."

இரண்டரை மணித்தியாலம் அந்த விரல் அங்கேயே இருந்தது. பஸ்மினாவுக்குக் கீழே ஆயிரம் வேலை கிடந்தது, அவள் வாசலை விட்டு அசையவில்லை. பை சுருங்கித் தட்டையானபோது சுல்பிகா கண்ணைத் திறந்தாள்.

"ஒண்டும் செய்யல்ல ராத்தா. ரத்தம் சேந்திட்டு."

சபூறா விரலை எடுத்தாள். பிறகு குனிந்து, சுல்பிகாவின் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நேர்ஸ் வந்து ஊசியைக் கழற்றினாள். பஸ்மினா வெறும் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.